வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் கேமராக்கள்

பந்தயத் தடங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே கார், பைக் போட்டிகளை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

கடைசியாக நான் போன பந்தயத்தில், பார்வையாளர் பகுதியில் என் பக்கத்தில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். கையில் புதுக் கேமரா, அதோடு சேர்த்தே விற்கும் சின்ன ஜூம் லென்ஸ். கார்கள் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் எடுத்ததைத் திரையில் பார்ப்பார், முகம் வாடிவிடும். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் திரையைக் காட்டி, "அண்ணா, வேலி மட்டும் இவ்வளவு தெளிவா வருது, கார் ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மூன்று படங்கள் தேறின. ஆனால் அவர் நின்ற இடத்தில், அவர் கையில் இருந்த லென்ஸை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. வேறு எங்கே போய் நிற்கலாம் என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்தோம். நுழைவாயில், கழிவறை, கடைகள், நிறுத்துமிடம் எல்லாம் இருந்தன. அவருக்குப் பயன்படும் எதுவும் அதில் இல்லை. முக்கியப் போட்டி தொடங்குவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நான் கேட்கப்போவது பத்திரிகையாளர் அட்டை இல்லை. வேலியை எடுத்துவிடுங்கள் என்பதும் இல்லை. சாதாரண டிக்கெட் வாங்கிக்கொண்டு, முதல்முறையாகக் கேமராவோடு வரும் ஒருவர், ஒரு நாள் முழுக்க நின்றால் ஒரு நல்ல படமாவது எடுத்துக்கொண்டு போக வழி செய்யுங்கள். கேட்பது அவ்வளவுதான். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவற்றில் பாதிக்குக் காகிதச் செலவு மட்டும்தான்.

முதலில் ஒரு பழைய படத்தை நினைவுபடுத்துகிறேன். 1910-களின் தொடக்கத்தில் பிரான்சில் நடந்த கிராண்ட் பிரி பந்தயம். சாலையோரம் நின்று ஓர் இளைஞர் கடந்து போகும் காரைப் படமெடுக்கிறார். பெயர் ஜாக் ஆன்ரி லார்டிக், 1894-இல் பிறந்தவர். அப்போது இருபது வயது ஆகவில்லை. தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை, ஆசைக்காகப் படமெடுத்தவர். அந்தப் படத்தில் காரின் பின்சக்கரம் நீள்வட்டமாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். கேமராவின் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை, அதன் பிளவு கண்ணாடித் தகட்டின் குறுக்கே நகர்ந்து முடிப்பதற்குள் காரும் நகர்ந்துவிட்டது, அவர் கேமராவையும் திருப்பிக்கொண்டிருந்தார், அதனால் வந்த சாய்வு அது. வேகம் என்பதை ஒரே பார்வையில் உணர்த்தும் படங்களில் இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் உலகம் அவரை அறிந்தது. அதாவது, பந்தயப் புகைப்படக்கலையின் மிகப் பெரிய படங்களில் ஒன்று, அதிகாரப்பூர்வ அனுமதியோடு தடத்தின் உள்ளே நின்றவர் எடுத்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பையன் எடுத்தது.

இன்றைக்கு மின்னணு ஷட்டர் உள்ள கேமராவிலும் கைபேசியிலும் புதியவர்கள் எடுக்கும் படங்களில் அதே சாய்வு வரும்போது, கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் யாராவது லார்டிக் கதையைச் சொன்னால் அந்தப் பயம் போய்விடும். எனக்கும் அப்படித்தான் ஒருவர் சொன்னார்.

புதியவர் ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கம் என்னென்ன பாடுபடுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் நாள் முழுக்கப் போட்டியை நடத்தும் ஓட்டத்தில் இருப்பவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் பந்தயத்தில் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்துக்கொண்டு நின்றேன். கார் வேகமாக வருகிறது, ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் எல்லாம் கூர்மையாக இருந்தன, எல்லாக் காரும் சாலையில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தன. காரணம் எளிய கணக்கு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 55 மீட்டர் கடக்கும். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் நொடிக்கு 27, 28 முறை சுழலும். 1/1000 நொடியில் அது வெறும் 10 பாகைதான் திரும்பும். ஆரங்கள் ஒவ்வொன்றும் எண்ணும்படி நின்றுவிடும். 1/125 நொடியில் கிட்டத்தட்ட கால் சுற்று திரும்பிவிடும். அப்போதுதான் படத்தில் சக்கரம் சுழலும், பின்புலம் கோடுகளாக ஓடும், கார் மட்டும் தெளிவாக நிற்கும்.

ஆனால் அந்த 1/125-இல் காரைத் தெளிவாக நிறுத்த வேண்டுமானால் கேமராவும் காரோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். இதைத்தான் பேனிங் என்கிறோம். கால் இரண்டையும் ஊன்றி, படம் எடுக்கப்போகும் திசைக்கு நேராக உடம்பை வைத்துக்கொண்டு, கார் வரும் பக்கம் இடுப்பைத் திருப்பி, தொலைவிலேயே காரைப் பிடித்துவிட வேண்டும். பிறகு அது வரும் வேகத்திலேயே உடம்பு திரும்பி வர வேண்டும். பட்டனை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக்கூடாது. கை மட்டும் திரும்பினால் படம் மேலும் கீழும் ஆடும். தொடங்கும்போது 1/500, கை பழகியதும் 1/250, அப்புறம் 1/125, துணிச்சல் வந்த நாளில் 1/60 என்று இறங்கிப் போவதுதான் நல்ல வழி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் தேறும் படங்களின் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போகும். தேறும் ஒன்றிரண்டோ மேலே மேலே அழகாகும்.

இன்னொன்றும் உண்டு. வளைவில் கார் மெதுவாக வரும், அங்கே எடுப்பது சுலபம் என்று புதியவர்களிடம் சொல்வோம். பிடிப்பது சுலபம்தான். ஆனால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வளையும் காரின் சக்கரம் 1/125 நொடியில் பத்தில் ஒரு பங்குச் சுற்றுகூடத் திரும்பாது. அங்கே கால் சுற்று வேண்டுமானால் 1/50-க்கு இறங்க வேண்டும். கார் நேர்க்கோட்டில் போகாமல் வளைந்துகொண்டே போவதால் மூக்கு தெளிவாக இருந்தால் வால் கலங்கும், வால் தெளிவாக இருந்தால் மூக்கு கலங்கும். எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது. இடம் மாறி மாறி நின்று பார்த்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். ஒரே இருக்கையில் கட்டிப்போட்ட டிக்கெட்டில் அது முடியாது.

சரி, வேலிக்கு வருகிறேன்.

1955-ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று பிரான்சின் லு மான் 24 மணி நேரப் போட்டியில் பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் கூட்டத்துக்குள் சிதறியதில் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஸ்விட்சர்லாந்து தன் மண்ணில் சுற்றுத்தடப் பந்தயத்தையே பல பத்தாண்டுகளுக்குத் தடை செய்தது. 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா தடத்தில் ஒரு கார் தடுப்பு வேலியில் மோதியபோது, அதன் பாகங்கள் வேலியைத் தாண்டி இருக்கைகளில் இருந்தவர்கள் மேல் விழுந்தன, பலர் காயமடைந்தார்கள். இந்த வரலாறு தெரிந்த யாரும் வேலியைக் குறை சொல்லமாட்டார்கள். வேலியிலிருந்து சில மீட்டர் தள்ளி இன்னொரு தடுப்பு வைத்து எங்களை நிறுத்துகிறீர்களே, அதையும் நான் குறை சொல்லவில்லை. அந்த இடைவெளி எங்கள் உயிருக்காக.

ஆனால் அந்த வேலியின் பாரம் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. கம்பிவலையின் ஒரு கண் 5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவரின் லென்ஸ் திறப்பு ஏறக்குறைய 14 செ.மீ. அகலம் (மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் அகலம் வரும்). அது ஒரே நேரத்தில் வலையின் மூன்று கண்கள் வழியாகப் பார்க்கிறது. கம்பி கரைந்து காணாமல் போய்விடும், படத்தில் லேசான மங்கல் மட்டும் மிஞ்சும். புதியவர் வைத்திருப்பது 300 மி.மீ.-இல் எஃப் 5.6 ஆகிவிடும் ஜூம். அதன் திறப்பு 5 செ.மீ. சொச்சம். 70 மி.மீ.-க்குச் சுருக்கினால் 2 செ.மீ.கூட இல்லை. அவருக்குக் கம்பி கரையாது. கறுப்புப் பட்டையாகவோ வெள்ளைப் பட்டையாகவோ காரின் குறுக்கே படுத்திருக்கும். லென்ஸை வேலியோடு ஒட்டிப் பிடித்தால் அவருக்கும் ஓரளவு கரையும். அதுதான் எல்லாரும் சொல்லும் வழி. நடுவில் நீங்கள் விட்ட இடைவெளியால் அவரால் ஒட்டிப் பிடிக்க முடியாது. ஆக, விலை உயர்ந்த லென்ஸ் உள்ளவர் ஊடுருவிவிடுகிறார். இருப்பதிலேயே எளிய கருவியோடு வந்தவர்தான் வேலியைப் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

போதாததற்கு ஆட்டோஃபோகஸும் வேலியில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள், தொடர் ஃபோகஸில் வை, கார் வரப்போகும் இடத்தில் தரையில் முன்பே ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிடு, வலையைச் சாய்வாகப் பார்க்காமல் நேர்ச்செங்குத்தாகப் பார் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுக்கிறோம். சாய்வாகப் பார்த்தால் வலைக்கண்கள் குறுகிக் கம்பி அடர்த்தியாகிவிடும் என்பதால், கார் எதிரே வரும் அந்த அழகான கோணம் வேலிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஏறக்குறைய மூடிய கதவுதான்.

இங்கே உங்களால் செய்ய முடிந்தது என்ன?

முதலாவது, உயரம். வேலிக்கு மேலாகக் கண் போகும் இடம் ஒன்றிரண்டு இருந்தால் போதும், மேலே நான் எழுதிய பாதி சிக்கல் இல்லாமல் போய்விடும். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் அமைந்த தடம். சரிவில் நின்றால் தடத்தின் பெரும்பகுதி கண்ணுக்குக் கீழே விரியும். ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் மவுண்ட் பனோரமா தடத்தின் உச்சிக்கும் அடிக்கும் 174 மீட்டர் வித்தியாசம். நிலமே அங்கெல்லாம் உதவி செய்கிறது. சமதரையில் அமைந்த தடங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, புரிகிறது. ஆனால் சமதரைத் தடங்களிலும் மண்மேடுகள் இருக்கின்றன. அவற்றில் நல்ல மேடுகளை விருந்தினர் கூடாரத்துக்கோ விளம்பரப் பலகைக்கோ கொடுத்துவிடுகிறீர்கள். ஒரே ஒரு மேட்டை, ஒரே ஒரு வளைவில், பொது டிக்கெட்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். படிக்கட்டு போல வெட்டிவிட்டால் முன்னால் நிற்பவர் தலை மறைக்காது, குழந்தைகளும் பார்க்கலாம். கேமரா இல்லாதவர்களுக்கும் அது நல்ல இடமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, நிறம். வெயில் பட்டால் பளபளக்கும் வெள்ளிநிறக் கம்பியைவிட, மங்கலான கறுப்பு பூசிய கம்பி கேமராவுக்கு மிக எளிதாக மறையும். வெறுங்கண்ணுக்கும் அப்படித்தான். எப்படியும் ஒரு நாள் வேலியை மாற்றுவீர்கள், புதுப்பிப்பீர்கள். அப்போது கறுப்பைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது, பதாகைகள். வேலியில் கண் உயரத்தில் விளம்பரத் துணி கட்டுவதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டி நடக்க அந்தப் பணம் வேண்டும். ஆனால் இடுப்புக்குக் கீழே கட்டலாம். தடத்துக்கு அந்தப் பக்கம் கட்டினால் இன்னும் நல்லது. அப்போது நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு பேனிங் படத்திலும் அந்தப் பெயர் பின்னால் ஓடும்.

வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இளைஞர் கிளம்பிப் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் கையில் வாங்கிய பார்வையாளர் வரைபடங்கள் பலவற்றில் வடக்கு எந்தப் பக்கம் என்ற குறிகூட இல்லை. படமெடுப்பவருக்கு அந்த ஓர் அம்புக்குறி பாதி நாளை மீட்டுக் கொடுக்கும். காலையில் எந்த வளைவில் வெளிச்சம் காரின் முகத்தில் விழும், மாலையில் எந்த மேட்டில் வெயில் நம் கண்ணில் அடிக்கும் என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு வரலாம். தடம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதையும் போடுங்கள். எந்த இடத்தில் வேலி உயரம், எந்த இடத்தில் தடம் தவறும் கார் ஓடி நிற்பதற்கான சரளைப் பரப்பு அகலமாக இருப்பதால் தடுப்பு தாழ்வாக இருக்கிறது என்பது தடத்தோரம் நின்று பாதுகாப்பைக் கவனிக்கும் உங்கள் மார்ஷல்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் ஒரு மணி நேரம் கேட்டால் ஐந்தாறு இடங்களில் சின்னக் கேமரா படம் வரைந்துவிடலாம். பைக் போட்டியானால் வளைவின் உட்புறம் பார்க்கும் இடத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். உயர்மட்டப் போட்டியில் ஓட்டுநர் 60 பாகைக்கும் மேல் சாய்ந்து, முழங்கையைத் தரையில் உரசிக்கொண்டு, அடுத்த திருப்பத்தை நோக்கித் தலையைத் திருப்பியிருப்பார். உட்புறத்தில் நிற்பவருக்கு அந்தத் தலைக்கவசமும் கண்களும் தெரியும். வெளிப்புறத்தில் நிற்பவருக்கு முதுகும் பைக்கின் அடிவயிறும்தான்.

நடுப்பகலில் நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் நின்றுகொண்டு, படம் கூர்மையாக வரவில்லை என்று லென்ஸைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது லென்ஸின் குற்றம் இல்லை. சூடேறிய தாரிலிருந்து எழும் காற்று அலையடிக்கிறது. எவ்வளவு நல்ல கேமரா கொண்டுவந்தாலும் அந்தக் கானலை வெல்ல முடியாது, கிட்டே போக வேண்டும், அல்லது காலையிலோ மாலையிலோ எடுக்க வேண்டும். உங்கள் கால அட்டவணையை, முக்கியப் போட்டியோடு சேர்த்து நடக்கும் சிறிய ஆதரவுப் போட்டிகள் உட்பட, சில நாள் முன்கூட்டியே வெளியிட்டால் இதையும் திட்டமிட முடியும். முக்கியப் போட்டியின் நேரம் மட்டும் பெரிதாக அச்சாகிறது. எங்களுக்கு வேண்டியது காலை எட்டரை மணிப் பயிற்சிச் சுற்றின் நேரம்.

பயிற்சிச் சுற்று, தகுதிச் சுற்று, ஆதரவுப் போட்டி, இவைதான் புதியவரின் பள்ளிக்கூடம். கூட்டம் குறைவு. அதே கார் அதே கோட்டில் திரும்பத் திரும்ப வரும். ஒரு சுற்றில் விட்டதை அடுத்த சுற்றில் பிடிக்கலாம். போட்டி நாளில் ஒரே இருக்கையில் உட்கார வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயிற்சி நாளில், பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் கேலரிகளில் எந்த டிக்கெட்காரரும் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று அறிவித்துவிடுங்கள். அப்படி அனுமதித்த ஓர் இடத்தில்தான் நான் பேனிங் கற்றுக்கொண்டேன். ஒரே நாளில் ஆறு வளைவுகளில் நின்றேன். முந்நூறு படத்தில் ஏழு தேறியது. அந்த ஏழு படங்களையும் இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்து நுழைவாயில். இதைச் சொல்லும்போது இன்னும் மனம் கொஞ்சம் வலிக்கிறது. ஒரு தடத்தில், பைச் சோதனையில் இருந்தவர் என் லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தொழில்முறைக் கேமராவுக்கு அனுமதி இல்லை என்றார். டிக்கெட்டில் அப்படி ஒரு வரி இல்லை. தொழில்முறை என்றால் என்ன அளவு என்று கேட்டேன். பெரிதாக இருக்கிறது என்றார். திரும்பிப் போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே போனால் வேறு வாயில் வழியாக வந்த இருவரின் கையில் அதே லென்ஸ். சோதனையில் இருந்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. வெயிலில் நின்று தனக்குத் தோன்றியபடி முடிவெடுத்தார்.

அதனால், என்ன விதி வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் எழுதி வையுங்கள். லென்ஸ் நீளத்துக்கு வரம்பு உண்டு என்றால் எத்தனை செ.மீ. என்று போடுங்கள். முக்காலி வேண்டாம் என்றால் சரி, கூட்டத்தில் அது காலைத் தடுக்கும், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றைக்கால் தாங்கிக்கு அனுமதி உண்டா, பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எடுத்த படத்தை விற்காமல் சொந்தப் பக்கத்தில் போடலாமா கூடாதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவை ஐந்தாறு வரிகள். டிக்கெட் வாங்கும் முன்பே கண்ணில் படும்படி இருந்தால், வேண்டாதவர் வாங்காமல் இருந்துவிடுவார். வாங்கிய பிறகு வாசலில் தெரிந்துகொள்வதுதான் கொடுமை.

பத்திரிகை அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. தடத்துக்குள் நின்று எடுக்க விண்ணப்பிக்கும்போது, இதுவரை வெளிவந்த படங்களைக் காட்டுங்கள், பத்திரிகை அல்லது நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டுங்கள் என்று பொதுவாகக் கேட்கிறார்கள். அதில் தவறில்லை. நேரடி ஆபத்துள்ள இடத்தில் அனுபவமில்லாதவரை நிறுத்த முடியாது. ஆனால் காட்டுவதற்கான அந்தப் படங்களை ஒருவர் எங்கிருந்து எடுப்பார்? பார்வையாளர் பகுதியிலிருந்துதான். வேறு வழியே இல்லை. இன்று மார்ஷல் பக்கத்தில் அங்கி போட்டுக்கொண்டு நிற்கும் புகைப்படக்காரர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தொடங்கிய இடம் எது என்று. பெரும்பாலானவர்கள் கம்பிவலையைத்தான் காட்டுவார்கள். நாளை அங்கே நிற்கப்போகிறவர்கள் இன்று உங்கள் பொதுக் கேலரியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சுத்தமான கோணம் கூடக் கிடைக்காவிட்டால், காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

சில உள்ளூர் அளவிலான போட்டிகளில் நிலைமை எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டம் குறைவு, வேலி தாழ்வு, ஓட்டுநர்களே வந்து படத்தைக் கேட்பார்கள். புதியவர்களிடம் நான் எப்போதும் முதலில் அங்கே போகச் சொல்வேன். ஆனாலும் தொலைக்காட்சியில் பார்த்து ஏங்கிய அந்தக் கார், அந்த ஓட்டுநர் பெரிய போட்டியில்தானே வருகிறார். அவரை ஒரு முறையாவது தன் கையால் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வேலியில் ஏறக்கூடாது, தடுப்பைத் தாண்டக்கூடாது. மார்ஷல் நகரச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நகர வேண்டும். அவர் எதையோ பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். ஃபிளாஷ் அணைந்திருக்க வேண்டும், அது அவ்வளவு தூரம் எட்டவும் எட்டாது. பின்னால் ஒரு குழந்தை நின்றால் இரண்டு சுற்று குனிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்தால், ஓட்டுநர் நலமாக வெளியே வரும்வரை கேமராவைத் தாழ்த்துவது என் வழக்கம். இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கும் புதியவர்களிடம் மட்டும் சொல்வேன். இந்த ஒழுங்கையெல்லாம் நீங்கள் அரைப் பக்கத்தில் அச்சடித்து வரைபடத்தின் பின்புறம் போட்டால், அதை எல்லாரிடமும் கொண்டுசேர்க்கும் வேலையை என் போன்றவர்கள் மகிழ்ச்சியோடு செய்வோம்.

கடைசியாக ஓர் அழைப்பு. உங்களில் யாராவது, தடத்தின் பொறுப்பில் இருக்கும் ஒருவர், அடுத்த பயிற்சி நாளில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். அலுவலக அட்டையைக் கழற்றிவிட்டு, பொது டிக்கெட் பகுதிக்கு வாருங்கள். 300 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்றை நான் கொண்டுவருகிறேன். ஷட்டரை 1/250-இல் வைத்து உங்கள் கையில் கொடுக்கிறேன். நான்கு வளைவுகளில் சேர்ந்து நிற்போம். எந்த மேட்டில் கண் வேலியைத் தாண்டுகிறது, எந்தப் பதாகையை இரண்டு அடி இறக்க வேண்டும், வரைபடத்தில் கேமராக் குறியை எங்கே போட வேண்டும் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளலாம். மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அன்புடன்,
பொதுக் கேலரியில் நிற்கும் ஒரு படமெடுப்பவர்